சட்டிச் சோறு

பிள்ளை பெற்றுப் படுத்திருந்த என் அக்காவின் வாய்க்குப் போக வேண்டிய கோழியை விருந்தாளியின் தட்டுக்குப் போகச் செய்தவன் நான். “உள்ளே எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்று அந்த விருந்தாளி கேட்டபோது, “சாப்பிட்டாச்சுங்க” என்று பொய் சொன்னவனும் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதுக்குப் பொய் எது, மெய் எது என்று நன்றாகவே தெரியும். வயதைக் காட்டித் தப்பிக்கப் போவதில்லை.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவனை எழுத வைத்தது வருத்தம் மட்டுமல்ல, கோபம். போன மாதம் ஒரு நாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழக்கம்போல் நாம் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். உங்களில் ஒருவர் ஆரம்பித்தார்: “உங்கத்தா மாதிரி விருந்து வெக்கறதுக்கு இனி ஒரு ஆளு பொறந்து வரோணுங்க.” இன்னொருவர் நாக்கைச் சப்புக் கொட்டினார்: “விருந்து கெடக்கட்டுமுங்க. எல்லாரும் தின்னு முடிச்ச பொறவு, கறிச் சட்டியில சோத்தப் போட்டுப் பெரட்டித் திம்போமே, அந்தச் சட்டிச் சோறு! இப்ப எந்தப் பிரியாணியில இருக்குது அந்த ருசி?”

எல்லாரும் சிரித்தீர்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். மூட்டு வலி என்று நினைத்திருப்பீர்கள்.

உங்களுக்கு அது ருசி. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் சாப்பாடு. ஒரு மழைக்காலம் முழுக்க அதை மட்டுமே தின்ற ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னைப் பெற்ற அத்தாவின் விருந்துத் தாம்பாளத்தில், அந்தச் சஹனில், கை வைத்தவர்கள். அதனால் படித்துத்தான் ஆகவேண்டும்.

அப்போது எங்கள் வீடு மண்ணரை ஊரில், நொய்யல் ஆற்றுக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை. அதில் அத்தாவின் துணி ஓட்டும் மிஷின்கள். மேலே நூலைக் கொடுத்தால் கீழே குழாய் குழாயாகப் பனியன் துணி இறங்கும். அதை ஆற்றுக்குக் கொண்டுபோய்ச் சலவை செய்து, பாறையில் விரித்துக் காயவைத்து, வெட்டித் தைத்தால் பனியன். எல்லாம் வெயிலை நம்பிய பிழைப்பு. அந்த ஐப்பசியில் வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை.

அந்த ஐப்பசியில்தான் விருந்தாளி வந்தார். தெற்கே கடற்கரை ஊர்க்காரர். அத்தாவிடம் பனியன் வாங்கிக் கப்பலில் அனுப்பும் வியாபாரி. சரக்கை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவதாகத்தான் வந்தார். துணி காயவில்லை. துணி காயாததால் சரக்கு ஆகவில்லை. சரக்கு ஆகாததால் அவர் கிளம்பவில்லை. சரக்கு வெளியே போகாத வீட்டுக்குள் அரிசியும் வருவதில்லை. விருந்தாளியை எங்கள் வீட்டில் நிறுத்தி வைத்ததும், எங்கள் அடுப்பை வெறுமையாக்கியதும் ஒரே மழைதான்.

வீடு முழுக்கக் கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்கவிட்டிருந்தோம். நடந்தால் முகத்தில் சில்லென்று அறையும். பிளீச்சிங் பவுடர் நெடி சோற்றில்கூட அடிக்கும். முன் அறைக்கும் உள் வீட்டுக்கும் நடுவே ஒரு திரை; அதுவும் பனியன் துணிதான். ஓட்டும்போது ஊசி உடைந்து, நெடுக ஓட்டைக் கோடு விழுந்து விற்க முடியாமல் போன துண்டு. அந்தக் கோட்டில் கண்ணை வைத்தால் உள்ளிருந்து முன் அறை தெரியும். முன் அறையிலிருந்து உள்ளே தெரியாது.

அந்நிய ஆண் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் முன் அறைக்கு வரமாட்டார்கள். விருந்தாளியும் திரையைத் தாண்டமாட்டார். அத்தா முன் அறையை விட்டு உள்ளே போவதே அபூர்வம். இரண்டு பக்கமும் ஓயாமல் போய்வந்தவன் நான் ஒருவன்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது, வெளியே எவ்வளவு போகிறது என்று இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தவனும் நான்தான்.

விருந்தாளி நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் இன்னொரு பொய் ஆகிவிடும். அத்தாவை அவர் ‘காக்கா’ என்று கூப்பிட்டார். அவர்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் பேர். முதல் நாள் நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்கு ஓடினேன். “சிரிக்கட்டும், சிரிக்கட்டும். ஒங்க ஊர்ல வீட்ட ஊடுன்னு சொன்னப்ப நானும்தான் சிரிச்சேன்” என்றார். சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அத்தா, அவர், நான் என்று மூன்று பேர் ஒரே சஹனில் சாப்பிடுவோம். பெரிய ஈயம் பூசிய தாம்பாளம். நடுவில் சோற்று மலை, உச்சியில் கறி. அவர் கறித்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவார். கப்பலில் மீன் துள்ளி விழுந்த கதை சொல்வார். கவனியுங்கள்: அந்தக் காலம் முழுக்க நான் பட்டினி கிடக்கவில்லை. நன்றாகத் தின்றேன்.

ஒவ்வொரு நாளும் கையை நனைக்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

“தம்பி, உள்ள எல்லாரும் சாப்ட்டாவளா?”

“சாப்பிட்டாச்சுங்க.”

அத்தாவின் முகத்தில் ஒரு பெருமை வரும். என் தொடையில் மெல்லத் தட்டுவார். அந்தத் தட்டலுக்காகவே அடுத்த நாளும் அதையே சொல்வேன்.

நாலைந்து நாள் ஆனதும் விருந்தாளி ஸ்டேஷன் பக்கம் லாட்ஜுக்குப் போகிறேன் என்றார். அத்தா விடவில்லை. “நம்மூட்டுல இருந்துட்டு லாட்ஜுக்குப் போனீங்கன்னா நாளைக்கு ஊரு என்னங்க பேசும்?” இன்னொரு நாள் அவரே கடைவீதிக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அத்தா அதை வாசலிலேயே மறித்தார். விருந்தாளி வாங்கிய கறியை நம் அடுப்பில் வைப்பதா என்று மதரஸா பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினார். கொண்டுபோனவன் நான். மதரஸா பிள்ளைகள் ‘மாஷா அல்லாஹ்’ என்றார்கள். எங்கள் உள் வீட்டில் அன்று ராகிக் கஞ்சி.

உள் வீட்டில் என் அக்கா இருந்தாள். பல்லடத்தில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். ஐப்பசி பிறந்த வாரத்தில் ஆண் குழந்தை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: “ஒடம்புல ரத்தமே இல்லீங்க. நாட்டுக்கோழி அடிச்சு மொளகுச் சாறு வெச்சுக் குடுங்க. இல்லாட்டிப் பாலு வத்திப் போயிருமுங்க.” அம்மாவுக்கு அது முன்பே தெரியும். அக்கா உண்டான சேதி வந்த நாளிலிருந்து அவளுக்கென்றே கோழி வளர்த்து வந்திருந்தாள்.

அந்தக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் அறுக்கக் கொண்டுபோனது நான். தின்றது முன் அறை.

அம்மா அத்தாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு இருந்த ஒரே பேச்சு கரண்டிதான். சட்டியில் அடி தட்டியதும் கரண்டியால் உள்விளிம்பைச் சுரண்டுவாள். கரக், கரக். மண்சட்டியில் இரும்புக் கரண்டி போடும் அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் என் பல் கூசும். ‘போதும், இதற்கு மேல் இல்லை’ என்று அதற்கு அர்த்தம். எனக்குத் தெரியும். அத்தா உடனே குரலை உயர்த்துவார்: “கண்ணு, இன்னொரு கரண்டி கொண்டா! பாரு, இந்தக் காக்காகிட்டப் போயித் தம்பி வெக்கப்படறாரு!”

அத்தாவுக்குக் கேட்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பல வருடம் கழித்து ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிட்டது. அப்படியே நின்றுவிட்டேன். கொட்டகையில் அத்தனை மிஷின்களும் ஓடும் இரைச்சலில், முன் அறையில் உட்கார்ந்தபடியே, “டேய், மூலை மிஷின்ல ஊசி ஒடஞ்சுருச்சு, நிறுத்து!” என்று கத்தும் மனிதர் அவர். ஒரு ஊசி உடைவது கேட்கிற காதுக்கு, பத்தடியில் சட்டி சுரண்டுவது கேட்காதா?

கேட்டது. தினமும் கேட்டது.

கடைசிக் கோழி புள்ளிக்கோழி. அதை அம்மா அக்காவின் கட்டிலுக்கடியில் கூடை போட்டு மூடி வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அத்தா திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

“இன்னைக்கு வெள்ளிக்கெழமை. கோழி ஒண்ணு அடிச்சுரு.”

“கோழி தீந்து போச்சுங்க” என்றாள் அம்மா.

“அதெப்படித் தீரும்? புள்ளிப் பொட்டைக்கோழி ஒண்ணு மேஞ்சுட்டு இருந்துதே?”

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் பேசினேன்.

“அக்கா கட்டலுக்கடியில இருக்குதுங்கத்தா. கூடையில.”

ஏன் சொன்னேன்? சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் சொல்லிவிட்டான் என்று அம்மா கடைசிவரை என்னைக் காப்பாற்றினாள். விவரம் தெரிந்துதான் சொன்னேன். அந்தச் சஹனில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. எனக்குக் கறி வேண்டும்.

மதியம் சஹனில் கோழி வந்தது. மிளகு வாசனை ஈரத்துணி நெடியையும் மீறி வீடெங்கும் நின்றது. விருந்தாளி கையை நனைக்கவில்லை.

“தம்பி, புள்ள பெத்தவ இருக்காவளே. அவ சாப்ட்டாவளா?”

“சாப்பிட்டாச்சுங்க. அவங்களுக்குத் தனியா ஒரு கோழிங்க.”

தனியாக ஒரு கோழி! அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் சொந்தச் சரக்கு. அத்தா என் தொடையில் தட்டினார். திரைக்குப் பின்னால் கரக், கரக். “இன்னொரு கரண்டி கொண்டா கண்ணு!”

உள்ளே போனேன். அம்மா சட்டியைச் சாய்த்து மொத்தத்தையும் கிண்ணத்தில் ஊற்றினாள். என்னைத் திட்டவில்லை. அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழந்தை மாரில் முட்டி முட்டி அழுதது. அவள் முகம் திரைப் பக்கம் இருந்தது. அந்த ஓட்டைக் கோட்டின் பக்கம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் முடித்த பிறகு அம்மா அந்த வெறும் சட்டியில் சோற்றைப் போட்டு, சுவரெல்லாம் வழித்துப் பிசைந்து, அக்காவுக்கு ஊட்டினாள். நீங்கள் சப்புக் கொட்டினீர்களே, அந்தச் சட்டிச் சோறு.

அடுத்த வாரம் குழந்தையின் அழுகை மாறியது. முதலில் வீம்பாக அழுதது. பிறகு பூனை மாதிரி. அம்மா சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தாள். மச்சானுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அம்மா கேட்டதற்கு, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்றார் அத்தா.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கவுண்டர் தோட்டம். அந்தத் தோட்டத்துக்காரம்மாவுக்கும் அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் மதியம், நாங்கள் மூன்று பேரும் சஹனில் இருக்கும்போது, அவர் பின்கட்டு வழியாக வராமல் முன்வாசல் வழியாகவே வந்தார். தலையில் கம்பளிக் கொங்காடை. அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது.

“ஏனுங் ராவுத்தரே, உங்கூட்டுக் கொழந்தை அழுகற சத்தம் எங்க கெணத்து மேடு வரைக்கும் கேக்குது. உங்க காதுல என்னங்க, பஞ்சா வெச்சிருக்கறீங்க?”

“விருந்தாளி இருக்கறாங்க அம்மிணி. அப்பறம் பேசிக்கலாம்.”

“விருந்தாளி நல்லா இருக்கட்டுமுங்க. பெத்தவ மாருல பாலில்லீங்க. காத்தால வந்து பாத்தனுங்க. சட்டி கழுவுன தண்ணியாட்ட ஒரு சோத்தத் தின்னுபோட்டுக் கெடக்கறா. கோழி வளத்துனது அவளுக்கு. தின்னது ஆருங்க?”

அத்தா எழுந்திருக்கப் பார்த்தார். அந்தம்மா அதற்குள் ஈரக்காலோடு எங்கள் சஹனைத் தாண்டி, திரையை விலக்கி, உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில் அழுகை நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் குழந்தை அவரிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

விருந்தாளியின் கை சோற்றில் அப்படியே இருந்தது. அவர் அத்தாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“நாந்தான் நெதமும் ஒங்கிட்ட கேட்டனே தம்பி.”

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சும்மா கேட்டார்.

கையைக் கழுவினார். திரைப் பக்கம் வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஸலாம் சொன்னார். “தாயே, எனக்குச் சொன்னது வேற. தெரியாமத் தின்னுட்டேன். மாப்புத் தாங்க.” பிறகு அத்தாவிடம் சொன்னார்: “காக்கா, விருந்தாளிக்கு மூணு நாளுதான் விருந்துன்னு நபி சொன்னது ஒங்களுக்குத் தெரியாததா? அதுக்கு மேல நான் இங்க தின்னது சதக்கா, தர்மச் சோறு. அதும் பச்ச ஒடம்புக்காரி வாயில இருந்து புடுங்குன சதக்கா. இத நான் எங்க போய்க் கழுவ?”

அன்றைக்கே கிளம்பினார். சரக்கு எடுக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ஈரத்துணிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து வாசலுக்குப் போன அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அவர் போனதும் அத்தா திரையைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: “ஊரு முன்னால தல குனிய வெச்சுட்டீங்க. இனி அந்த மனுசன் நம்மளப் பத்தி என்ன சொல்லுவாரு?”

மகள் சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். அத்தாவுக்கு ஒரு கதை மனப்பாடம். நம் எல்லாருக்கும் அது மனப்பாடம். இப்போதும் பள்ளிவாசல் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். நபி அனுப்பிய விருந்தாளியை ஒரு தோழர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டில் பிள்ளைகளுக்கான உணவு மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளைத் தூங்க வைத்து, விளக்கை அணைத்து, தாங்களும் சாப்பிடுவதுபோல் பாவனை செய்து, விருந்தாளியின் பசியை ஆற்றினார்கள். பெரிய கதைதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஓர் இரவு. அந்த மனைவியைக் கேட்டுத்தான் செய்தார். அவளும் சேர்ந்துதான் செய்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தோழரும் பட்டினி கிடந்தார். என் அத்தா ஒரு நாள்கூடப் பட்டினி கிடக்கவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை. வெளிச்சத்தில் உட்கார்ந்து, விருந்தாளியோடு சேர்ந்து, எலும்பை உறிஞ்சினார். அடுத்தவள் பசியில் தியாகி ஆனார்.

அதே மார்க்கம்தானே, உன் விருந்தாளிக்கும் உன் மீது உரிமை உண்டு, உன் மனைவிக்கும் உண்டு, உன் உடம்புக்கும் உண்டு என்று சொன்னது? விருந்தளிப்பவன் நெருக்கடிக்கு ஆளாகும் அளவுக்கு விருந்தாளி தங்கக்கூடாது என்று சொன்னது? இப்ராஹீம் நபி வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தபோது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்கவில்லை. எழுந்து தம் வீட்டாரிடம் போனார் என்றுதான் ஓதுகிறோம். போய்ப் பார்த்தார். என்ன இருக்கிறது என்று தெரிந்து கொண்டுவந்தார். நம் வீட்டு ஆண்களில் யார் அடுப்படிக்குப் போய்ச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு விருந்தாளிக்கு இலை போட்டோம்? சொல்லுங்கள்.

அக்கா நாற்பது நாள் முடியுமுன்பே பல்லடம் கிளம்பிவிட்டாள். மச்சான் வாசலில் வண்டியோடு நின்றார். குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஈரத்துணிகளுக்கு நடுவில் அக்கா ஒரு நொடி நின்று என்னிடம் சொன்னாள்.

“உள்ளயும் வெளியயும் போகத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா.”

அதற்குப் பிறகு கல்யாணம், மவுத்துத் துக்கம், பெருநாள் என்று எல்லாவற்றுக்கும் வந்தாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தட்டு வைத்தால், “நோன்புங்கத்தா” என்பாள். எந்த மாதம், எந்தக் கிழமை வந்தாலும் அவளுக்கு அன்று நோன்பு. அத்தாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. “எம்புள்ள மாதிரி ரமலான் போகச் சுன்னத்து நோன்பும் வெக்கற பொண்ணு இந்த ஜில்லாவுலயே இல்லீங்க” என்று உங்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். நீங்களும் ‘மாஷா அல்லாஹ்’ சொல்லியிருக்கிறீர்கள். பெருநாள் அன்று நோன்பு ஆகாதே, அன்றைக்காவது அவள் சாப்பிட்டாளா என்று ஒருத்தருக்குமா கேட்கத் தோன்றவில்லை? பெருநாள் அன்றுகூட அவள் அந்த வீட்டில் ஒரு பிடி சேமியா தொட்டதில்லை. அன்றைக்கு மட்டும் வயிறு சரியில்லை என்பாள்.

அத்தா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். நான் படித்தேன், வாத்தியார் ஆனேன், கல்யாணம் கட்டினேன், வீடு கட்டினேன். என் வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்தார்கள். என் மனைவி எத்தனை நாள் சட்டியில் சோற்றைப் பிசைந்து தின்றாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் குற்றம். அவளும் மண்ணுக்குப் போய்விட்டாள். இனி கேட்க முடியாது.

அன்று தண்ணீர்த் தொட்டிச் சுவரிலிருந்து எழுந்து வந்தவன், மறுநாள் உங்களில் இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். “மவுத்தானவங்களப் பத்தி நல்லதைத்தான் பேசோணுங்க” என்று வாயை அடைத்தீர்கள். சரி, உயிரோடு இருப்பவளிடம் போகிறேன் என்று நெருப்பெரிச்சல் ஊருக்குப் பஸ் ஏறினேன். அக்கா அங்கே மகனோடு இருக்கிறாள். அந்தப் பூனைக்குரல் குழந்தைக்கு இப்போது அறுபதுக்கு மேல். தாடி முழுக்க நரை. தோட்டத்துக்காரம்மாவின் மகனை இன்றைக்கும் ‘பால் அண்ணன்’ என்றுதான் சொல்வான்.

கதவருகில் நின்றபடியே ஆரம்பித்தேன். “அக்கா, மாப்புக் கேக்கத்தான் வந்தேன். அந்தப் புள்ளிக்கோழி...”

“மொதல்ல உள்ள வா. மாப்புக் கேக்க வந்தியா, சாப்பிட வந்தியா?”

“மாப்புத்தான்.”

“அத இப்பக் குடுக்க முடியாது. அடுப்புல பருப்பு இருக்குது. அத வேணா குடுக்கறேன்.”

பருப்பும் சோறும் போட்டாள். அவளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அக்கா சாப்பிடுவதை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வர வேண்டும் என்றேன். “நோன்பு” என்றாள். “என்னைக்கு நோன்பு இல்லயோ அன்னைக்கு வா” என்றேன். பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். “சரி, ஞாயித்துக்கெழமையே வாறேன்.”

அருள்புரத்தில் இப்போது மகனோடுதான் இருக்கிறேன். நாட்டுக்கோழி தேடி வாங்கினேன். நானே சமைக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். வெங்காயம் உரித்தேன். கண் எரிந்தது. “விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்” என்றாள் மருமகள். விட்டுவிட்டேன். மகனுக்கு ஷிப்மெண்ட், காலையிலேயே பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மருமகளும் அதே கம்பெனியில் செக்கிங். முந்தின நாள் ஓவர்டைம் முடித்து வந்தவள்.

அக்காவும் அவள் மகனும் வந்தார்கள். அந்தப் பழைய சஹனை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தேன். அக்காவை முன் அறையில், நடுவில், முதலில் உட்கார வைத்தேன். ஆண்கள் அப்புறம். என் கையாலேயே சோறு வைத்து, தொடைக்கறியை அவள் பக்கம் வைத்தேன். இதற்காக அறுபது வருடம் காத்திருந்தவன்போல் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

அக்கா கையை நனைக்கவில்லை.

“உள்ள இருக்கற புள்ள சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டாச்சுக்கா.”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. பத்து வயதில் எவ்வளவு வழவழப்பாக வந்ததோ, அதே வழவழப்பு. அடுப்படியில் அந்தப் பெண் காலையிலிருந்து ஒரு டீ குடித்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

அக்கா என்னைப் பார்த்தாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது பார்த்த அதே பார்வை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சஹனை இரண்டு கையாலும் தூக்கினாள். அவள் மகன் பதறி, “அம்மா, எங்க போறீங்க?” என்றான். நேரே அடுப்படிக்குள் போனாள்.

“கண்ணு, நீ சாப்பிட்டியா?”

“இல்லீங்க பெரியம்மா. நீங்க சாப்பிடுங்க, நான் அப்பறமா...”

“அப்பறமா என்ன அப்பறமா? உக்காரு. ஆறிப் போயிரும்.”

பாத்திரங்கள் நகரும் சத்தம். இரண்டு பெண்கள் பேசும் சத்தம், நடுவில் சிரிப்பு. நானும் அக்கா மகனும் வெறுந்தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். “என்ன மாமா, அம்மாவுக்கு என்ன கோவம்?” என்றான். அவன் குடிக்க வேண்டிய பால் ஏன் வற்றியது என்பதைச் சொல்லாமல், தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

பிறகு அது கேட்டது. கரக், கரக். கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டியது. அதோடு அக்காவின் குரல், முன் அறை முழுக்கக் கேட்கும்படி:

“டேய், இங்க எல்லாம் தீந்துபோச்சு. வெளிய ஆராச்சும் கேட்டா, சாப்பிட்டாச்சுன்னு சொல்லிரு. உனக்குத்தான் நல்லா வருமே.”

அவள் மகனை அனுப்பிப் பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நான் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் சஹனை நடுவில் வைத்து, கறியைப் பிய்த்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். மருமகள் எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். காலிச் சட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

குக்கரில் சோறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைச் சட்டியில் போட்டு, சுவரோரமெல்லாம் வழித்துப் பிசைந்தேன். தரையில் உட்கார்ந்து தின்றேன். உங்களில் சப்புக் கொட்டியவருக்குச் சொல்கிறேன்: ருசியெல்லாம் ஒன்றும் இல்லை. மிளகு நெடியும் கரியும்தான். வயிறு நிறையவில்லை.

அக்கா கை கழுவும்வரை மாப்பு என்ற பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டியைத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.